மூலையில் நின்ற எழுத்து

என் மகள் சுமந்த பிழை என்னுடையது. அவளுடைய கல்குலேட்டரை, அந்தக் கணிகருவியைக் கெடுத்தவள் நான். கெடுத்ததை மறைத்தவளும் நான். அவள் என்னைக் கேட்டபோது முகத்துக்கு நேரே பொய் சொன்னவளும் நான்தான்!

இதை உங்களுக்குச் சொல்கிறேன். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை…

ஏன் என்று கேட்பீர்கள். கேளுங்கள். என்னை நானே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

நான் வாவிக்கு மேற்கே படுவான்கரையில், பழுகாமத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு நின்றுபோயிற்று. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆனால் கணக்கு! எங்கள் வயல் வட்டையில் அறுவடை முடிந்து, களவெட்டியில் நெல்லை அளந்து குவிக்கும்போது, மூட்டைக் கணக்கில் வழக்கு வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். விரல் மடக்காமல், கண்ணை மூடாமல் வாயாலேயே சொல்லிவிடுவேன். பெரிய மனிதர்கள் தலையாட்டுவார்கள். அந்தப் பெருமையைத் தலையில் தூக்கிக்கொண்டுதான், கல்யாணம் முடித்து, வாவியைக் கடந்து, குருக்கள்மடத்துப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்துக்கு வந்தேன்.

அந்த மூளைதான் என் மகள் சுகந்திக்கும் வந்தது. அப்படித்தான் நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவள் கெட்டித்தனத்திலும் எனக்குப் பங்கு வேண்டியிருந்தது…

அவள் பட்டணத்தில் நில அளவை படித்து முடித்த வருடம் சுனாமி வந்தது. அவளுடைய தகப்பன் அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். நாங்கள் இருவரும் கோயில் மதிலில் ஏறித் தப்பினோம். இறங்கிவந்து பார்த்தால் வீடு இல்லை, வேலி இல்லை, எது யாருடைய வீட்டு வளவு என்று காட்ட ஒரு தென்னங்கன்றுகூட நிற்கவில்லை. எல்லாம் ஒரே மணல்.

வீடு கட்டிக்கொடுக்க ஒரு நிறுவனம் வந்தது. வளவுகளின் எல்லையை மறுபடி கண்டுபிடிக்க, ஓய்வுபெற்ற ஒரு நில அளவையாளரைக் கூட்டிவந்தார்கள். சேவயர் ஐயா என்போம். அவர் சுகந்தியைக் கூட வைத்துக்கொண்டார். தப்பி நின்ற கோயில் மதிலின் மூலையிலிருந்து பழைய வரைபடத்தின்படி கோணமும் தூரமும் கணக்கிட்டு, ஒவ்வொரு வளவுக்கும் முளை அடிக்கவேண்டும். கணக்கிடுவது சுகந்தி, தன் விஞ்ஞானக் கணிகருவியில்.

அந்தக் கருவியைக் கடல் கொண்டுபோகாததே ஓர் அதிசயம். ஓடும்போது அவள் தோளில் கிடந்த பையில் அது இருந்திருக்கிறது.

எங்களுக்குத் தற்காலிகமாகத் தந்திருந்த தகரக் கொட்டிலில் குந்தியிருந்து, அதைப் பற்றி எனக்கு அவள் சொல்லித் தந்தாள். நான்தான் கேட்டேன். எனக்குத் தெரியாத கணக்கு ஒன்று உலகத்தில் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

“இந்த மஞ்சள் பட்டன அமத்தினா, மத்தப் பட்டனுக்கெல்லாம் ரெண்டு வேலைம்மா.”

“அப்ப இது பொம்புளதான்.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சுனாமிக்குப் பிறகு அவள் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

“இது சைன், இது கொஸ். கோணத்தையும் தூரத்தையும் போட்டா, கிழக்க எத்தின அடி, வடக்க எத்தின அடி எண்டு சொல்லும். ஆனா இஞ்ச பாருங்க, மேல் மூலையில சின்னதா ஒரு எழுத்து நிக்கிதா? அது மாறிச்செண்டா கோணமெல்லாம் பிழைச்சிரும். காலத்தால எழும்பினா முதல் வேலை எனக்கு அதைப் பாக்கிறதுதான்.”

பார்த்தேன். எறும்பளவு ஆங்கில எழுத்து. முதுகு நேராக, வயிறு தள்ளி நின்றது. அது என்ன எழுத்தென்று எனக்குத் தெரியாது. உருவம் மட்டும் மனதில் பதிந்துவிட்டது.

இனித்தான் என் குற்றம்.

ஒருநாள் பின்னேரம் சுகந்தி தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டிக்கு வாளியோடு போயிருந்தாள். அடுத்த கொட்டில் பாக்கியம் நெருப்பு எடுக்க வந்தாள். மேசைக்குப் பதிலாக வைத்திருந்த பெட்டிமேல் கருவி கிடந்தது.

“என்னக்கா, மகள்ட மெசினுக்குக் காவலா? தொட்டாக் கடிக்குமோ?”

“கடிக்குமெண்டு ஆருகா சொன்ன? எனக்கும் தெரியும் உது.”

“ஓமோ! அப்ப போடுங்க பாப்பம். நம்மட லைன்ல ஆறு கொட்டில். ஒரு கொட்டிலுக்கு மூண்டு வாளி தண்ணி. மொத்தம் எத்தின?”

“பதினெட்டு.”

“வாயாலயா கேட்ட நான்? மெசினால சொல்லுங்க!”

அந்தச் சிரிப்பு! அதைத் தாங்க எனக்கு இயலவில்லை. கருவியை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். ஆறை அழுத்தினேன், வந்தது. பெருக்கும் பொத்தான் எங்கே? ஏதோ ஒன்றை அழுத்தினேன். திரையில் சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்கள் வரிசையாக வந்தன. அவற்றின் கீழ் ஒன்று, இரண்டு, மூன்று. அதே பொத்தானை மறுபடி அழுத்தினேன். வேறு சொற்கள் வந்தன. கீழே மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று. எனக்கு வேண்டிய மூன்று அங்கேயே நின்றது! மூன்றை அழுத்தினேன்.

திரையில் ஒரு பூச்சியம் மட்டும் நின்றது.

“என்னகா, முட்டை போட்டிரிக்கி?” பாக்கியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“பற்றரி போயித்து” என்றேன்.

அவள் நெருப்போடு போனபின் பார்த்தேன். மூலையில் இருந்த எழுத்து மாறியிருந்தது. வயிறு தள்ளியது போய், கொக்கிபோல் வளைந்து உள்ளே மடிந்த ஒன்று நின்றது. நிறுத்தி, மறுபடி போட்டுப் பார்த்தேன். கொக்கிதான் நின்றது! மூடியைப் போட்டு வைத்துவிட்டேன்.

அவள் வந்ததும் சொல்லியிருக்கலாம். ஒரு சொல்! ‘மகள், இதை நான் குழப்பிப்போட்டன், ஒருக்காப் பார்.’ அவ்வளவுதானே? அவள் ஒரு நொடியில் திருத்தியிருப்பாள். சிரித்துமிருப்பாள். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேனோ…

காலையில் அவள் கருவியை எடுத்தாள்.

“அம்மா, மூடி மாறிக் கிடக்கு. இதைத் தொட்டீங்களா?”

“நான் என்னத்துக்குப் புள்ள தொடுறன்? எனக்கு வேற வேலையில்லயா?”

வெளியே வாகனம் ஒலி எழுப்பியது. நாளும் மூடியைத் திறந்து மூலையைப் பார்க்கிறவள், அன்று பார்க்கவில்லை. என் சொல்லை நம்பினாள். பையில் போட்டாள். “போயித்து வாறன்” என்றாள். ஓடினாள்.

அன்று முழுக்க அவள் வெயிலில் நின்று, பாக்கியத்தின் வளவு இருந்த வரிசைக்கு முளை அடித்தாள். அந்தக் கண்கூசும் மணல்வெளியில் திரையில் எண்ணைப் பார்ப்பதே பாடு. எறும்பளவு எழுத்தை யார் பார்ப்பார்?

பின்னேரம் வந்து பையை வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் கருவியை எடுத்தேன். முதல்நாள் அழுத்திய பொத்தானை நினைவுபடுத்தி, அதையே இரண்டு தரம் அழுத்தினேன். சொற்கள் வந்தன. மூன்றை அழுத்தித்தானே கெடுத்தேன்? அப்படியானால் ஒன்றை அழுத்திப் பார்ப்போம் என்று அழுத்தினேன்.

வயிறு தள்ளிய எழுத்து வந்து நின்றது!

அந்த நேரம் என் மனம் எப்படி இருந்தது தெரியுமா? துள்ளியது! இரண்டாம் வகுப்புக்காரி, படித்தவர்களின் கருவியைத் தானே திருத்திவிட்டாள் என்று எனக்குள் ஒரு கொண்டாட்டம்! அன்று முழுக்க அவள் போட்ட கணக்கு என்னவாகியிருக்கும் என்று நினைக்கவில்லையா என்று கேட்காதீர்கள்… நினைத்தேன். நினைத்து, மூடியை இம்முறை சரியான பக்கமாகப் போட்டு வைத்தேன்.

அத்திவாரங்கள் வெட்டினார்கள். கல் வைத்தார்கள். சீமெந்து காய்ந்தபின் ஒருநாள் சேவயர் ஐயா நாடாவை இழுத்துப் பார்த்திருக்கிறார். அந்த வரிசை முழுக்கச் சரிந்து கிடந்தது. பாக்கியத்தின் அத்திவாரம் பாதி ஒழுங்கைக்குள், சனம் நடக்கும் பாதையில் நின்றது.

எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். வீடில்லாமல் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வழக்கம் இல்லை. பாக்கியம் தன் மகளுக்கு மாப்பிள்ளை பேசி, வீடு எழும்பட்டும் என்று காத்திருந்தாள். அத்திவாரத்தை இடிக்க அலவாங்கோடு ஆட்கள் வந்தபோது, அவள் மணலில் விழுந்து புரண்டாள்.

“என்ட புள்ளைக்குக் குடுக்கிற வீட்டக் கோணலாக்கிப்போட்டாளே! படிச்சவளாம், படிச்சவள்!”



சேவயர் ஐயா நல்ல மனிதர். சுகந்தியைத் தனியே கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றேன். “முழுக்கப் பிழைச்சிருந்தா அண்டைக்கே தெரிஞ்சிருக்கும், மகள். இது கிட்டக் கிட்டப் பிழைச்சிரிக்கி. கோண அளவு மாறிக் கிடந்தா இப்பிடித்தான் வாறது. எங்க, அந்தக் கல்குலேட்டரத் தா பாப்பம்.”

அவர் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு மூலையை உற்றுப் பார்த்தார்.

“மெசின் சரியாத்தான் இரிக்கி” என்றார்.

அவள் அந்தத் திரையைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வேன்! அவளுக்கு இருந்த ஒரே சாட்சியை நான் அல்லவா அழித்தேன்? அது கொக்கி எழுத்தோடு கிடந்திருந்தால், அவளுடைய மூளையில் பழுதில்லை என்றாவது தெரிந்திருக்குமே! நானே கெடுத்து, நானே திருத்தி, அவளைக் குற்றவாளியாக்கி நிறுத்திவிட்டேன்…

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாவிட்டால் நான் சொன்னதெல்லாம் பாதி.

அன்று பாக்கியம் அழுது ஓய்ந்தபின் என்னிடம் வந்தாள். அவள் கண் முன்னால்தானே நான் கருவியை எடுத்தேன்? ஏதோ கேட்கப்போகிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: “நீங்க வாயால போடுற கணக்கு ஒருநாளும் பிழைக்கிறல்ல அக்கா. உங்கட மூளை மகளுக்கு வரல்ல.”

நான் உள்ளூர மகிழ்ந்தேன். ஒரு கணம்தான்… ஆனாலும் மகிழ்ந்தேன்! பெற்ற பிள்ளை தலைகுனிந்து நிற்கையில் மகிழ்ந்த தாயை நீங்கள் எங்காவது கண்டிருக்கிறீர்களா?

சுகந்தியை வேலையால் நிறுத்திவிட்டார்கள். பாக்கியத்துக்கு வீடு பிந்தித்தான் எழும்பியது. பேசிய மாப்பிள்ளை காத்திருக்கவில்லை. அவளுடைய மகளுக்கு வேறிடத்தில் கல்யாணமாகிவிட்டது. பாக்கியம் எல்லாவற்றையும் மறந்து, எங்கள் வீட்டுக்கு வந்து வெற்றிலை போடுகிறாள். என் மகள் மறக்கவில்லை. அந்தக் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் சரியான விடை வரும். “அப்ப அண்டைக்கு மட்டும் எனக்கு என்ன நடந்தது?” என்று தனக்குத்தானே கேட்பாள். நான் அடுப்பை ஊதுவேன்.

பிறகு ஒருநாள் கருவியைப் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டாள்.

வாவிக்கு அப்பால் இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் மறுபடி சண்டை வந்தது. ஷெல் சத்தத்தில் எங்கள் தகரங்கள் அதிர்ந்தன. படுவான்கரைச் சனம், என் கூடப்பிறந்தவர்கள் உட்பட, மூட்டையோடு வாவியைக் கடந்து வந்தார்கள். அந்த நாள்களில் எனக்கு ஒரு சாட்டுக் கிடைத்தது. உயிரே பெரிதாய் இருக்கையில் பழைய முளையைப் பற்றி யார் பேசுவது? இப்படிச் சொல்லிச் சொல்லியே வருடங்கள் போயின.

சண்டை எல்லா இடமும் ஓய்ந்தபின் சேவயர் ஐயா வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

“ரோட்டு வேலை, காணி வேலை, எல்லாம் குவிஞ்சு கிடக்கு மகள். அளக்கத் தெரிஞ்ச ஆக்கள் இல்ல. ஒரு பிழை ஆருக்கும் வரும். நீ வா.”

சுகந்தி தலை நிமிரவில்லை. “வேணாம் ஐயா. என்ட தலைக்குக் கணக்குச் சரிவராது. ஆக்கள்ட வளவுல விளையாட எனக்கு ஏலாது.”

“ஆர் சொன்ன அப்பிடி?”

“நானே கண்டுதானே.”

ஐயா என்னைப் பார்த்தார். நீங்களாவது சொல்லுங்கள் என்பதுபோல. என் கையில் தேநீர்த் தட்டு. என் வாய் திறந்தது. திறந்தே விட்டது…

“சீனி போதுமா ஐயா?” என்றேன்.

அவர் போய்விட்டார். பிறகு வரவேயில்லை.

இப்போது அவள் சட்டை தைத்துக் கொடுக்கிறாள். நல்ல தையல், வருகிறவர்கள் புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். என்னை ஒரு குறையுமில்லாமல் பார்க்கிறாள். அவள் கையால் சோறு வாங்கி உண்ணும் ஒவ்வொரு வேளையும் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். சொன்னால் அவள் என்னை வெறுப்பாள் என்று பயமா? இல்லை, மன்னித்துவிடுவாள் என்று பயமா? இழந்துபோன வருடங்களை அவள் என் முன்னால் எண்ணிப் பார்ப்பாளே, அதற்கா? எனக்கே தெரியவில்லை!

நேற்றும் ஒரு சட்டைத்துணியை விரித்து அளந்தாள். கோடு போட்டாள். அழித்தாள். மறுபடி அளந்தாள். கத்தரிக்கோலைத் துணியில் வைத்தவள், வெட்டாமல் என்னைக் கூப்பிட்டாள்.

“அம்மா, நீங்க ஒருக்காப் பாருங்க. எனக்கு நம்பிக்கையில்ல.”

நான் எழுந்துபோய்க் குனிந்தேன். என் கண்ணுக்கு அந்த நாடாவின் கோடுகள் இப்போது தெரிவதேயில்லை.

“சரியாத்தான் இரிக்கி, வெட்டு” என்றேன்.

நான் சொன்ன பிறகுதான் வெட்டினாள்.