ஒரு வாரத்து வயிறு

உணவு ஆலோசகர் வேலை என்பது, ஊரார் தின்றதையெல்லாம் காதால் கேட்டே நம் வயிறு நிறைகிற வேலை. திருத்தணியில் ஒரு மருந்துக்கடை மாடியில் எனக்கு ஓர் அறை, ஒரு மேசை, ஓர் எடை மெஷின். அதன்மேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஏறும் சக பாவிகளே, நானும் உங்கள் கட்சிதான். பட்டம் வாங்கியவள் என்று என் உடம்பு எனக்குச் சலுகை காட்டியதே இல்லை. ஆனால் இங்கே வந்துபோன சிலரை நினைத்தால் இன்றும் வாய் பிளக்கிறது.

தறிக்காரர் கேட்ட கேள்வி

ஆரம்பத்தில் நான் ரொம்பக் கறார். ஆயிரத்து ஐநூறு கலோரி என்றால் தினமும் ஆயிரத்து ஐநூறுதான். ஒரு நாள் தாண்டினாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அப்போதுதான் பொதட்டூர்பேட்டையிலிருந்து முனிரத்தினம் வந்தார். வீட்டிலேயே இரண்டு தறி போட்டு லுங்கி நெய்பவர். சர்க்கரை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. ஆறு நாள் என் அட்டவணைப்படி ஒழுங்காக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில், அவர் பாவா என்று கூப்பிடும் அக்கா புருஷன் கறிக்குழம்பு ஊற்றச் சொல்ல, மறுக்க முடியவில்லை. இனி எல்லாம் போச்சு என்று திங்கட்கிழமையும் ஒரு கை பார்த்துவிட்டார்.

"ஒரு நாள் தவறினா மொத்தமும் தவறின மாதிரிதான்" என்று அதட்டினேன். அவர் கோபப்படவில்லை. மேசைமேல் இருந்த அட்டவணையை விரலால் தொட்டுக் காட்டி, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார்:

"கரண்ட் போயி ஒரு நாள் தறி நின்னுதுன்னா, உட்டதை அடுத்த நாலு நாளுல கொஞ்சம் கொஞ்சமா நெய்ஞ்சி, சனிக்கெயம கூலிக் கணக்குக்கு நேர் பண்ணிடுறோம்மா. வயித்துக்கு மட்டும் இன்னாத்துக்கு தெனமும் கணக்கு கேட்டுகினு இருக்கீங்க?"

பாதி புரிந்தால்

அன்றிலிருந்து எல்லோருக்கும் வாரக் கணக்குதான். ஒரு நாள் கூடிப்போனால் அடுத்த மூன்று நான்கு நாளில் சிறுகச் சிறுகக் கழித்துவிடுங்கள் என்பேன். அரக்கோணத்தில் லாரி மெக்கானிக்காக இருக்கும் பஷீர் பாய் இதில் 'கழித்துவிடுங்கள்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார். கல்யாண வீட்டில் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டவர், மறுநாள் வெறும் தண்ணீரோடு பட்டறைக்குப் போய்விட்டார். நோன்பு பிடித்துப் பழகிய உடம்புதானே என்ற தைரியம். ஆனால் வழக்கமான சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறார். மதியம் லாரிக்கு அடியில் படுத்திருந்தபோது கண் இருட்டிவிட்டது. கூட இருந்தவர்கள் காலைப் பிடித்து வெளியே இழுத்து, வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி, டாக்டரிடம் கொண்டுபோயிருக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி நூர்ஜஹான் அவரை என்னிடம் அழைத்து வந்தார். மாத்திரை போடுகிறவர் பட்டினி கிடக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்லாதது என் தப்பு. எந்த நாளிலும் இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஓர் அளவை எழுதி, அடியில் கோடு போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. கணவர் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"நேத்து ஆயில் ஜாஸ்தி ஊத்திட்டேன்னு, இன்னைக்கு ஆயிலே இல்லாம இஞ்சினை ஓட்டுவீங்களா நீங்க?"

என் விரதம்

கிருத்திகையன்று நான் விரதம். காலையில் பாலும் பழமும், பதினொரு மணிக்கு ஜவ்வரிசி உப்புமா, மலைக்கோயிலில் சர்க்கரைப் பொங்கல், இறங்கி வந்ததும் இரண்டு வடை, ராத்திரிக்குச் 'சும்மா' பலகாரம். மறுநாள் நேர்மையாக எழுதிக் கூட்டிப் பார்த்தேன். அந்த வாரத்திலேயே நான் அதிகம் சாப்பிட்ட நாள் அதுதான். டோக்கன் கொடுக்கும் தனலட்சுமி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இந்த மேரி விரதம் மாசத்துக்கு ஒண்ணோட நிக்குதே, அதுவே முருகன் புண்ணியம் மேடம்."

சுகுணாவின் டப்பா

சுகுணா கனகம்மாசத்திரத்துக்காரர், கல்யாண சமையல்காரர். முகூர்த்த நாளில் சாம்பார் முதல் அல்வா வரை அவர் நாக்கில் பட்டுத்தான் பந்திக்குப் போகும். அவருடைய தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒன்றைக் கொடுக்க சுகுணா தயார். பொருத்தமும் இருந்தது. ஆனால் எடையைக் குறைத்தால்தான் எடுப்போம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு கிலோ.

"ருசி பாக்காம சமைக்க முடியாது மேடம். தம்பியையும் உட முடியாது. ரெண்டுக்கும் வழி சொல்லுங்க" என்றார். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வாரக் கணக்கை விளக்கினேன். கலோரி என்ற சொல்லே அவருக்கு ஒட்டவில்லை. வீட்டுக்குப் போய், ஒரு டப்பாவில் புளியங்கொட்டைகளைப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு கொட்டை என்றால் ஒரு இட்லி. ஒரு தோசை இத்தனை, ஒரு கரண்டி சோறு இத்தனை என்று கேட்டுக்கேட்டு மனப்பாடம் செய்தார். நாளைக்கு இருபத்தைந்து, வாரத்துக்கு நூற்று எழுபத்தைந்து. எந்த நாளும் பதினெட்டுக்குக் குறையக் கூடாது என்பது டாக்டர் கட்டளை.

முகூர்த்தத்தன்று நாற்பது போய்விடும். மிச்ச நாட்களில் சோற்றைக் குறைத்து, சுரைக்காய்க் கூட்டும் மோருமாக ஓட்டுவார். இரண்டு முகூர்த்தம் சேர்ந்து வந்த வாரத்தில் எண்பது போயிற்று. மீதி தொண்ணூற்றைந்தை மேசைமேல் கொட்டி, ஐந்து கூறாகப் பிரித்து, நாளைக்குப் பத்தொன்பது என்று என்னிடம் காட்டினார். பதினெட்டுக்கு மேல் ஒன்றே ஒன்று. இதற்காகவே அந்த வாரம் ஒவ்வொரு அண்டாவிலும் அரைக் கரண்டிக்கு மேல் ருசி பார்க்கவில்லையாம்.

இடையில் ஒரு மாதம் எடை மெஷின் முள் நகரவே இல்லை. எனக்குத்தான் பயம் வந்தது. அவர் அதே கணக்கை அடுத்த வாரத்துக்கும் எண்ணிப் போட்டு, டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனார். எட்டாவது மாதம் பன்னிரண்டு கிலோவும் இறங்கியது. அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்கள் கழித்துத் தம்பியோடு வந்தார். தம்பி முகத்தில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. என்னைவிட வேகமாக மாடிப்படி ஏறி வந்திருந்தார். அத்தனை அல்வாவையும் கிண்டிவிட்டு எப்படி வாயைக் கட்டினீர்கள் என்று சுகுணாவிடம் கேட்டேன்.

"அல்வா எங்க மேடம் போவுது? அடுத்த முகூர்த்தத்துக்கும் நான்தான் கிண்டப்போறேன். தம்பி ஒருத்தன்தானே இருக்கான்."

உடம்பைக் குறைக்கச் சொல்லித்தருகிறவள் என்று ஊரில் எனக்குப் பெயர் இருக்கட்டும். யார் யாருக்குச் சொல்லித்தந்தார்கள் என்பது, இப்போது மறுபடியும் கொக்கி மாட்ட முடிகிற என் பழைய ஜாக்கெட்டுகளுக்குத் தெரியும்.