சாயங்கால ஓ.பி.

அந்தத் தோட்டக்காரரை ரிசார்ட் வேனிலேயே எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். கடற்கரைச் சாலை ரிசார்ட் ஒன்றில் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் நின்ற இடத்திலேயே சரிந்திருக்கிறார். வலது கை தொங்கியது. வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. என்னிடம் ஏதோ சொல்லப் பார்த்தார்; குழறலாகத்தான் வந்தது. நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டார். ரத்த அழுத்தம் பார்த்தேன். மெஷின்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொன்றைக் கொண்டுவரச் சொன்னேன். அதுவும் அதையே காட்டியது.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு போன் செய்து, பக்கவாதம், ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை வாசலுக்கும் படுக்கைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் மனைவி வந்தார். மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் ரூம் சுத்தம் செய்கிற வேலை. யூனிஃபார்ம் சேலையைக்கூட மாற்றாமல் ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்.

“இவருக்கு பிரஷர் இருக்கறது தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியாது டாக்டரம்மா. அப்பப்ப தல வலிக்கிதுன்னுவாரு. மாத்தர வாங்கி போட்டுக்குவாரு.”

“ஒரு தடவகூட வந்து செக் பண்ணலையா? எந்த ஊரு நீங்க?”

அவர் ஜன்னல் பக்கம் கை காட்டினார். “தோ, அந்த காம்பவுண்டுக்கு அந்தாண்ட. காலனி.”

“இவ்வளவு பக்கத்துல இருந்துகிட்டா?”

“பக்கத்துலதான் கீது. எப்ப வர்றது, சொல்லுங்க. இருட்டோட வேன் ஏறிட்றோம். திரும்பி வரசொல்ல உங்க கவுண்டர் மூடி கீது. ஞாயித்துக்கெழம வர்லாம்னா அன்னிக்குத்தான் ரூமெல்லாம் ஃபுல்லு. லீவு போட்டா வேற ஆள வச்சிருவாங்க.” கோபமாகத்தான் சொன்னார். அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. கணவரின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறிப் போனார்.

திருப்போரூருக்கும் திருவிடந்தைக்கும் நடுவில், உப்பங்கழிக்கு இந்தப் பக்கம் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். பிரசவத்துக்கு எந்நேரமும் நர்ஸ் உண்டு. புறநோயாளிகளைப் பார்க்கிற ஓ.பி.யும் மருந்து கவுண்டரும் மட்டும் நாலு மணியோடு சரி. காலையில் கூட்டம் நெரியும். மதியம் மூன்று மணிக்கு ஈ காக்கை இருக்காது. எனக்குச் சும்மா உட்கார வராது. அந்த நேரத்தில் ஊசி போடும் அறையிலிருந்து கேட் வரை நடப்பேன், தடுப்பூசிப் பெட்டியைத் திறந்து பார்ப்பேன், மறுபடி நடப்பேன். அன்று அப்படி நடக்கும்போது காலையில் வந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். கிழவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள். உழைக்கிற வயதில் யாருமே இல்லை. வீடு தேடிப் போய் மாத்திரை கொடுக்கிற பெண்ணிடம் கேட்டேன். “காலனில பகல்ல எல்லா வூடும் பூட்டு மேடம். யாரு கைல குடுக்கறது?” என்றார். காலனிக்காரர்களின் பெற்றோர் இங்கே நாற்று நட்டவர்கள், வயல்கள் மனைகளாகிவிட்டன. பிள்ளைகள் கம்பெனிக்கும் ரிசார்ட்டுக்கும் கட்டட வேலைக்கும் வேன் ஏறிப் போகிறார்கள். ஆஸ்பத்திரி நேரம் மட்டும் பழையபடியே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பாமல், ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷினை எடுத்துக்கொண்டு முக்குரோட்டு டீக்கடைக்குப் போனேன். வேன்கள் அங்கேதான் ஆட்களை இறக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் சிரித்தார். “இன்னா டாக்டரம்மா, வண்டி பஞ்சரா? வூட்டுக்குப் போவலியா?”

“கைய நீட்டுங்க” என்றேன்.

தோட்டக்காரர் விழுந்த கதை அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. அதனால் நீட்டினார்கள். அந்த வாரம் முழுக்கப் போனேன். அழுத்தம் அதிகமாக இருந்தவர்கள் நிறைய. மறுபடி பார்க்க வேண்டும், ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், மாத்திரை தொடங்க வேண்டும் என்று சொல்வேன். “எப்ப வரணும்?” என்று கேட்பார்கள். அவர்கள் வேனிலிருந்து இறங்கும் நேரத்துக்கு எங்கள் கவுண்டர் பூட்டியிருக்கும்.

சாயங்காலமும் கவுண்டரைத் திறந்து வைக்க முடியுமா என்று மருந்தாளுநரைக் கேட்டேன். அவர் மதுராந்தகத்துக்காரர். வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா.

“மேடம், உங்களுக்கு ஸ்கூட்டி இருக்கு. எனக்கு மாறி மாறி பஸ்ஸு. நான் போய்ச் சேர்ற வரைக்கும் அவங்க தனியா இருக்காங்க. நீங்க நல்லது செய்யறீங்க, வேணாங்கல. என்னையும் சேத்து செஞ்சிராதீங்க.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் எரிச்சல் அதிகமானது. அன்றைக்கு ஸ்கூட்டியில் காட்டு வழியாகச் செங்கல்பட்டு வீட்டுக்குப் போகும்போது அவருக்கு நானே மனதுக்குள் பதில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை.

மாவட்ட சுகாதார அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மதியம் தொடங்கி இரவு எட்டு மணி வரை ஓ.பி. நடத்த அனுமதி கேட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அன்னைக்குக் காலையில ஒரு பாம்புக்கடி வந்தா?” என்றார்.

“எங்களுக்கு ரெண்டு டாக்டர் போஸ்ட் சார். இன்னொருத்தரை வேற இடத்துக்கு அனுப்பியிருக்கீங்க. அவரைத் திருப்பிக் குடுங்க. ஒருத்தர் காலையில, ஒருத்தர் சாயங்காலம். பார்மசிஸ்ட்டும் மாத்தி மாத்தி ஒருத்தர் வேணும்.”

“கேக்கறது சுலபம் மேடம்.”

அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வந்தாலும் பயிற்சிக்கு வந்தாலும் அவர் அறை வாசலில் போய் நின்றேன். என்னைக் கண்டதும் அவர் காரியதரிசி நாற்காலியை நகர்த்திப் போட ஆரம்பித்தார், நான் உட்காரவில்லை. மருத்துவர்கள் கூட்டம் ஒன்றில் இதைப் பேசினேன். அங்கேதான் அடி பலமாக விழுந்தது. கல்லூரியில் என்னோடு படித்த தோழியே எழுந்து, “இன்னைக்கு நீ இஷ்டப்பட்டுக் கேப்ப. நாளைக்கு எல்லாருக்கும் ஆர்டரா வரும். ஆள் போடாம நேரத்தை மட்டும் நீட்டுவாங்க. குழந்தைங்களை யார் பார்த்துக்கறது?” என்றாள். பலர் மேசையைத் தட்டினார்கள்.

“ஆள் போடச் சொல்லித்தான் நானும் கேக்கறேன்” என்று சொன்னேன். அந்தச் சத்தத்தில் பாதிப் பேர் காதில் விழுந்திருக்காது. மதியச் சாப்பாட்டில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருவரும் சாம்பார் பற்றிப் பேசினோம்.

தோட்டக்காரர் வீடு திரும்பியிருந்தார். நேரத்தோடு போய்ச் சேர்ந்ததால் உயிரும் நடையும் மிஞ்சின. வலது கை முழுதாக எழவில்லை, பேச்சில் குழறல். மனைவிதான் இப்போது ஓட்டல் வேலையோடு வீட்டையும் பார்த்துக்கொண்டார். கிராம சபைக் கூட்டத்தில் வந்து பேச முடியுமா என்று வீட்டுக்கே போய் அந்த அம்மாவைக் கேட்டேன்.

“நானா? மைக்க புடிச்சா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். நீங்களே பேசுங்க.”

“நான் பேசிப் பார்த்தாச்சு. டாக்டர் பேசினா வேலை நேரப் பிரச்சினைன்னுதான் எடுத்துக்கறாங்க.”

சொல்லிவிட்டுக் குழம்புக்குப் புளி கரைக்கப் போனார். கூட்டத்தன்று அவர் வருவாரா என்று பந்தலுக்கும் ரோட்டுக்குமாக நான் அலைந்ததைப் பார்த்து ஊராட்சித் தலைவர் மோர் கொடுத்தனுப்பினார். கடைசியில் வந்தார். கணவரையும் கையைப் பிடித்து அழைத்து வந்தார். மைக்கைக் கொடுத்ததும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரே மூச்சாகச் சொன்னார்:

“இவுரு தலவலி தலவலின்னு சொல்லிகினே வேலைக்குப் போனாரு. ஆஸ்பத்திரி எங்க வூட்டு பின்னாலதான் கீது. நாங்க வூட்ல கீற நேரத்துல அது தொறந்திருக்கணும். அவ்ளோதான். வேற இன்னா கேக்கறோம்?”

பெண்கள் பக்கத்திலிருந்து சத்தம் எழுந்தது. தீர்மானம் நிறைவேறியது. அதைப் பிடித்துக்கொண்டு தலைவர் ஒருபக்கமும் நான் ஒருபக்கமுமாக மேலதிகாரிகளின் கதவைத் தட்டினோம். மழைக்காலம் முடிந்த பிறகு உத்தரவு வந்தது: செவ்வாயும் வெள்ளியும் சாயங்கால ஓ.பி., சோதனை முறையில். இன்னொரு மருத்துவர் திரும்பி வந்தார். திருப்போரூரிலேயே குடியிருக்கிற ஒரு பெண்ணை மருந்து கவுண்டருக்கு அந்த இரண்டு நாளும் அனுப்பினார்கள். மதுராந்தகத்துக்காரர் அன்று என்னிடம், “தேங்க்ஸ் மேடம், எனக்காகவும் கேட்டீங்க” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

முதல் செவ்வாய்க்கிழமை யாரும் வரவில்லை.

ஆறு மணிக்கு கேட்டில் நின்றேன். ஏழுக்கும் நின்றேன். முக்குரோட்டில் வேன்கள் நிற்பதும் போவதும் தெரிந்தது. இறங்கியவர்கள் எங்கள் விளக்கு வெளிச்சத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அரிசி வைக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும். அசதி. அதோடு, உண்மையிலேயே திறந்திருக்கிறது என்று யாரும் நம்பவும் இல்லை. வெள்ளிக்கிழமை ஒரு கிழவி வந்தார், அவரும் காலையிலேயே வரக்கூடியவர். கவுண்டர் பெண் என்னிடம் கேட்காமல் கேட்டது முகத்தில் தெரிந்தது. இத்தனை பேரை அலைக்கழித்து இதற்காகவா என்று எனக்கே இருந்தது. அந்த வார இறுதியில் வீட்டில் எதைத் தொட்டாலும் கைதவறியது.

அடுத்த செவ்வாய் தோட்டக்காரர் வந்தார். பகலெல்லாம் வீட்டில் இருப்பவர், காலையிலேயே வந்து மாத்திரை வாங்கியிருக்கலாம். அறையை எட்டிப் பார்த்தார். காலி பெஞ்சைப் பார்த்தார். தடியை ஊன்றிக்கொண்டு முக்குரோட்டுக்குப் போனார். நான் கேட்டில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு வேன் நிற்கும்போதும் வாசலில் குறுக்கே நின்றுகொண்டார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் பேச்சு அருகில் இருப்பவருக்கே பாதிதான் புரியும். ஆனால் அந்தக் கையையும் வாயையும் பார்த்தவர்கள் நேரே எங்கள் பக்கம் திரும்பினார்கள். டிபன் பையோடு வந்தார்கள். சிமென்ட் காயாத கையோடு வந்தார்கள். அன்று எட்டு மணிக்கு மூட முடியவில்லை.

சோதனை முறை இன்னும் சோதனை முறையாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறை நீட்டிக்கும்போதும் நான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. நடுவில் ஒருமுறை இன்னொரு மருத்துவரை மறுபடி வேறிடத்துக்கு எடுத்தார்கள். சண்டை போட்டுத் திரும்பப் பெற்றோம். தோழி அவளுடைய நிலையத்தில் இதையே கேட்டிருக்கிறாள், ஆள் கொடுத்தால் மட்டும் என்ற நிபந்தனையோடு. இங்கே பெரிய ஆறுதல் என்று எனக்கு எதுவும் இல்லை. ரத்தப் பரிசோதனைக்கு ஆள் காலையில் மட்டும்தான். கண் பரிசோதனை வாரத்தில் ஒரு பகல். அடுத்தது அதைக் கேட்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை ஒரு வேன் டிரைவர் உள்ளே ஓடி வந்து கையை நீட்டினார்.

“சீக்கிரம் பாருங்க மேடம். வண்டிய ஆஃப் பண்ணாம வந்துகிறேன். இன்னும் நெம்மேலி டிராப்பு கீது.”

பார்த்தேன். அதிகம். ஓடி வந்ததாலும் இருக்கலாம். “கொஞ்ச நேரம் உட்காருங்க, மறுபடி பார்க்கணும்.”

“அய்ய, ஆளுங்க பேஜார் பண்ணுவாங்க மேடம். நாளைக்கு வர்றேன்.”

நாளைக்கு சனிக்கிழமை, சாயங்காலம் மூடியிருக்கும். நான் எழுந்து வெளியே போனேன். வேனுக்குள் பாதித் தூக்கத்தில் இருந்த பெண்களிடம், டிரைவருக்கு பிரஷர் பார்க்க வேண்டும், காத்திருக்க முடியுமா என்று கேட்டேன். “அவுருக்கு ஒண்ணு ஆச்சின்னா எங்கள யாரு இட்டுகினு போறது? பாருங்க பாருங்க” என்றார் ஒருத்தி. ஜன்னல் வழியாகக் கை விட்டுச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன்.