மலைக்குப் போன சாம்பிராணி

அந்த வருடம் நான் மான் வேட்டைக்குப் போனது, 'ஏலாது' என்று சொல்லத் தெரியாததால்தான். வேறு காரணம் இல்லை. இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதி. விடியப்புறத்தில் பேப்பர் போடுவேன், பிறகு பின்னேரம் வரைக்கும் பஸ் கராஜில் வேலை. சனி ஞாயிறு வந்தால் நோர்வேயில், ரொம்மனில் எங்கள் வீட்டுச் சோபாவில் படுத்துக் கிடக்க மட்டும் ஆசைப்பட்ட மனிதன் நான். மலையும் மானும் எனக்கு எதற்கு?

கராஜில் எனக்கு மேலே இருந்த நோர்வேக்காரருக்கு அறுபத்தாறு வயது. மனதுக்குள் அவரைக் கிழவன் என்றுதான் சொல்வேன். மரியாதைக் குறைவில்லை, பழக்கதோஷம். உதட்டுக்குள் புகையிலை அடக்கி அடக்கி மூக்குச் செத்துப்போனவர். டீசல் கொட்டினாலும் நாங்கள்தான் போய்ச் சொல்லவேண்டும். ஒவ்வொரு ஆகஸ்டிலும் மேற்கே ஹர்டாங்கர் மேட்டுவெளிக்குப் போய் ஒரு காட்டுப் பனிமானைச் சுட்டுக்கொண்டு வருவார். வருகிற ஒக்டோபரில் அவருக்கு இடுப்பில் ஒப்பரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். அதற்குப் பிறகு கல்லும் சேறுமான அந்த வெளிப்பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆகவே கையில் இருந்ததுதான் கடைசி அனுமதி அட்டை. ஒரு மான், ஐந்து நாள் லீவு. வழக்கமாகக் கூடப்போகும் கூட்டாளி முந்தின பனிக்காலம் செத்துப்போனார். மற்ற வேட்டைக்காரர் எல்லோருக்கும் சொந்தக் குழு இருந்தது.

"சுடுறது நான். இறைச்சியைத் தூக்க ஒரு ஆள் வேணும். வாறியோ?" என்று கேட்டார். அவர் பேசியது நோர்வே மொழி, நொர்ஸ்க். எனக்கு ஞாபகத்தில் இருப்பதெல்லாம் எங்கள் தமிழில்தான்.

ஓம் என்றேன். அவர் ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். பனிமானுக்குக் கண்ணைவிட மூக்குத்தான் பெரிது. "உடுப்பெல்லாத்தையும் வாசமில்லாத சோப்பிலை தோய்ச்சு ஒரு கிழமை வெளியிலை தொங்கவிடு. சமையல் மணம் படக்கூடாது." கம்பளிச் சட்டை, ஜக்கெட், தொப்பி, படுக்கிற பை எல்லாவற்றையும் பல்கனியில் தொங்கவிட்டேன். கீழ்வீட்டுக்காரன் ஏதும் கடை போடப்போகிறாயா என்று கேட்டான்.

மனைவிக்கு இது துண்டாகப் பிடிக்கவில்லை. ஊரில் நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்த காலம் அது. அந்த இருபத்தைந்து நாளும் எங்கள் வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை, முட்டைகூட உள்ளே வராது.

"இஞ்சேருங்கோ, கொடியேறின நேரத்திலை உயிர்க்கொலைக்குப் போறியளே, உங்களுக்கு மூளை கீளை இருக்கோ?"

"நான் சுடேல்லையப்பா. தூக்கத்தான் போறன்."

"ஓமோம். எமனுக்குக் கயிறு தூக்கப் போறன் எண்டு சொல்லுங்கோ."

புறப்பட்ட வெள்ளிக்கிழமை பேப்பர் போட்டுவிட்டு வந்தபோது பை கட்டி வாசலில் இருந்தது. கோபத்திலும் எனக்காகக் கட்டி வைத்திருக்கிறாளே என்று நினைத்தேன். வீடு முழுக்க வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி மணம். எதையும் திறந்து பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. கிழவனின் காரில் ஏறினதும் நித்திரையாகிவிட்டேன்.

முதல் நாள் மத்தியானமே மந்தையைக் கண்டோம். மரம் ஒன்றுகூட இல்லாத வெளி, தூரத்தில் முப்பது மான் அளவில் மேய்ந்துகொண்டிருந்தன. கிழவன் ஒரு புல்லின் பஞ்சைப் பிய்த்துக் காற்றில் விட்டு, அது போகிற பக்கத்தைப் பார்த்து, வழியை மாற்றி மாற்றித் தவழ்ந்தார். நான் பின்னால். அங்கே பள்ளங்களுக்குள் காற்று சுழலும். ஒரு பெட்டைமான் தலையைத் தூக்கியது. அடுத்த கணம் ஒன்றையும் காணோம். தவழ்ந்தால் தனியாக எழும்ப அவருக்கு இடுப்பு விடாது. கை கொடுத்துத் தூக்கினேன். "காத்தைப் பிழையாப் பாத்திட்டன்" என்றார்.

இரண்டாம் நாளும் அதே கதை. பின்னேரம் நாங்கள் தங்கியிருந்த கல்வீட்டில் அடுப்பை மூட்டி, நனைந்த ஜக்கெட்டை மேலே தொங்கவிட்டேன். சூடு ஏற ஏற ஒரு மணம் வந்தது. எங்கள் வீட்டுச் சாமியறை மணம். தொப்பியை மணந்து பார்த்தேன், சட்டையை மணந்து பார்த்தேன். படுக்கிற பையை உதற, கடதாசியில் மடித்த திருநீறு விழுந்தது. போகிற இடத்தில் ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் சாம்பிராணிப் புகை பிடித்துத்தான் கட்டியிருக்கிறாள். கிழவன் பக்கத்தில் இருந்தபடி பாண் வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் மணக்கவில்லை.

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். ஒரு வசனம் போதும். என்னைக் கல்வீட்டில் விட்டுவிட்டு, கல்லைப் பிடித்தாவது எழும்பி, மெல்ல மெல்லத் தனியே போய்ப் பார்த்திருப்பார், மான் விழுந்தபிறகு என்னைக் கூப்பிட்டிருப்பார். ஆனால் சொல்லியிருந்த ஒரே விஷயத்தையும் இவன் கெடுத்துவிட்டான் என்று நினைப்பாரே என்ற வெட்கம் எனக்கு. கராஜ் சாப்பாட்டு மேசையில் என் மனைவியை வைத்துச் சிரிப்பார்களே என்ற பயம். சாம்பிராணியை நொர்ஸ்கில் விளங்கப்படுத்துகிற அலுப்பு அதற்கு மேலே. நாளைக்குச் சொல்வோம் என்று படுத்தேன்.

மூன்றாம் நாள் விடிய அவர் எழும்ப முன்னர் ஓடையில் எல்லாவற்றையும் அலசினேன். மணம் போகவில்லை, குளிர்தான் எலும்பு வரை வந்தது. கால் நோகிறது என்று பொய் சொல்லி நன்றாகப் பின்தங்கி நடந்தேன். தவழ்கிற நேரம் வந்ததும் அவர் எனக்காகக் காத்துநிற்பார். என் கை இல்லாமல் அவருக்கு லேசில் எழும்ப ஏலாதே. சாம்பிராணிதான் காரணம் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் அந்த நாளும் அடுத்த நாளும் மான்கள் ஓடின. ஒவ்வொரு தரமும் அவர் தன்னைத்தான் திட்டினார்.

ஐந்தாம் நாள் இன்னும் கிட்டப் போனோம். துவக்கைக் கல்லில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்துவிட்டார். அந்த நேரம் பார்த்து என் பிடரியில் காற்று குளிராகப் பட்டது. மந்தை முழுவதும் ஒன்றாகத் தலையைத் தூக்கியது. மான்கள் ஓடி மறைந்தன. அவர் படுத்தபடியே தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

"நாப்பது வருசமா எனக்குக் காத்துத் தெரியும். இப்பத் தெரியேல்லை. நான் முடிஞ்சுபோனன்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "ஒண்டும் ஆகாமல் வந்திட்டியள்தானே?" ஓம் என்றுவிட்டுப் படுக்கிற பையைப் பல்கனியில் கொண்டுபோய்த் தொங்கவிட்டேன்.

அடுத்த கிழமை துவக்கை விற்கப் போகவேண்டும், மலையால் வந்தபிறகு இடுப்பு கார் ஓட விடவில்லை, உன் காரைக் கொண்டுவா என்று கிழவன் கேட்டார். அதற்கும் ஓம் என்றேன். துவக்கோடு கடைக்குள் போனவர் வெறுங்கையோடு வந்து ஏறினார். சரியான வயதில் விட்டேன், காற்றுத் தெரியாதவனுக்குத் துவக்கு எதற்கு என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது என்னால் தாங்கமுடியவில்லை. புகை, பை, ஓடை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டாம் நாள் பின்னேரம்."

முழங்காலில் இருந்த கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடித்தார்.

"மிச்சம் மூண்டு நாள் இருந்திருக்கு" என்றார்.

நான் இறங்கிச் சுற்றிப் போய், கதவைத் திறந்து கையை நீட்டினேன். அவர் அதைப் பிடிக்கவில்லை. கதவு விளிம்பைப் பிடித்து, இரண்டு தரம் முயன்று, மூன்றாம் தரம் தானாகவே எழும்பி உள்ளே போனார்.