ஈறு தடிக்க ஒரு டியூப் ரத்தம்

பல் டாக்டருக்கு உதவியாளராக இருப்பவள் அதிகம் பேச வேண்டியதில்லை. எதிரில் இருப்பவரும் வாயைத் திறந்தே வைத்திருப்பதால் பேச முடியாது, என் கூச்சத்துக்கு அது பெரிய வசதி. பல் நாற்காலியின் கைப்பிடியை ஒருமுறையாவது இறுக்கிப் பிடித்திருக்கும் உங்களுக்கு ஏழுமலை அண்ணனின் பாடு புரியும்.

சாம்பல் கோடு

அண்ணன் மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. முன்பல் போன இடத்தில், எலும்பில் உலோகத் திருகு இறக்கி அதன் மேல் பல் பொருத்தும் இம்பிளான்ட் வைத்திருந்தார். அங்கே ஈறு மெல்லிசு. உள்ளே இருக்கும் உலோகம் சாம்பல் நிறக் கோடாகத் தெரிந்தது. சிரிப்பு வந்தால் தோள் துண்டால் வாயை மூடிக்கொள்வார். "இப்படியே விட்டா ஈறு இன்னும் மேல ஏறிடும், தடிமனாக்கணும்" என்றார் டாக்டரம்மா. அண்ணனின் மனைவி தனம் அக்கா என் காதில் சொன்னார்: "அந்தத் துண்டைத் தோய்க்கப் போட்டா, அன்னிக்குப் பூரா சிரிக்க மாட்டாரு பாப்பா."

மேல்மாடி

வழக்கமான வழி, மேல்வாயிலிருந்து கொஞ்சம் சதை எடுத்து ஈறுக்குள் வைத்துத் தைப்பது. கேட்டதுமே அண்ணன் நாற்காலியை விட்டு இறங்கிவிட்டார். உப்பளப் பாத்தித் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துத்தான் உப்பு எப்போது படிந்து இறங்கும் என்று சொல்வாராம். அந்த ருசி போய்விடும் என்று பயம். போகாது என்று டாக்டரம்மா சொன்னது ஏறவில்லை. கடைசியில், கையிலிருந்து ரத்தம் எடுத்துச் சின்னக் கீறலோடு முடிகிற வேறொரு வழியை முயல்வது, பலிக்காவிட்டால் மேல்வாய்தான் என்று முடிவானது. "கையில எவ்ளோ வேணா வெட்டிக்கங்க டாக்டரம்மா, மேல்மாடிக்கு மட்டும் போவாதீங்க!"

மஞ்சள் ஜெல்லி

டாக்டரம்மா அவர் கையிலிருந்து ரத்தம் எடுக்க, நான் டியூபை மிஷினில் வைத்துச் சுழற்றினேன். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. மருந்து எதுவும் சேர்க்காமலே சிவப்பு அடியில் தங்கிவிடும். அதன் மேல் மஞ்சளாக ஒரு ஜெல்லி உறைந்து நிற்கும். புண்ணை ஆற்றிச் சதை வளர உதவுவது ரத்தத்தின் இந்தப் பகுதிதான். அழுத்தித் தட்டையாக்கினால் பாலாடை மாதிரி இருக்கும். ஈறில் அரிசி அளவு கீறி, உள்ளே பை போல விலக்கி, அதைச் செருகி ஒரு தையல், அவ்வளவுதான். செருகும் முன் காட்டினேன். அண்ணன் முறைத்துப் பார்த்தார். "என் ரத்தத்துல நொங்கு இருக்குதுன்னு இத்தினி நாளா எவனும் சொல்லலியே!"

கொப்பளிப்பு

"நாளையிலேர்ந்து உப்புத் தண்ணில மெதுவா கொப்பளிங்க" என்று அனுப்பினார் டாக்டரம்மா. அவர் சென்னைக்காரர், எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னார். இரண்டு நாளில் அண்ணன் வீங்கிய உதட்டோடு வந்து நின்றார். உப்பு இறங்கும் பதத்தில் இருந்த பாத்தித் தண்ணீரையே அள்ளிக் கொப்பளித்திருக்கிறார். ஈறு வெளுத்துக் கிடந்தது. உள்ளே வைத்தது பிழைக்குமா என்று டாக்டரம்மாவாலேயே சொல்ல முடியவில்லை. அவர் பார்வை மேல்வாய்ப் பக்கம் போனது; அண்ணன் பட்டென்று வாயை மூடிக்கொண்டார். தனம் அக்காவுக்குத்தான் கோபம்: "யோவ், ஈறு வளக்கச் சொன்னா கருவாடு போட்டுட்டு வந்துருக்கியே!"

துண்டு

அதன்பின் வெறும் தண்ணீர்தான். வரும்போதெல்லாம் விளக்கடியில் நானும் எட்டிப் பார்ப்பேன். வெளுப்பு சிவப்பாகி, சிவப்பு மெல்ல ரோஜா நிறமானது. மழை பிடித்து உப்பளம் நின்றிருந்த சமயம், டாக்டரம்மா ஈறைத் தொட்டுப் பார்த்து, "மேல்மாடி வேணாம்" என்றார். சாம்பல் கோடு, தேடினால்தான் தெரிந்தது. அண்ணன் இரண்டு கையும் மடியில் இருக்கச் சிரித்தார். தனம் அக்கா அவர் தோளிலிருந்து துண்டை உருவி என்னிடம் நீட்டினார்: "இந்தா பாப்பா, மேசை தொடைக்க வெச்சிக்க."

அன்றிலிருந்து கிளினிக்கில் நான் கூச்சமில்லாமல் உரக்கச் சொல்லும் ஒரே வாக்கியம், "வீட்டு உப்பு, ஒரு சிட்டிகை, ஒரு டம்ளர் தண்ணி" என்பதுதான்.