துன்ஹிந்தவில் நான் காத்த கூடை

என் கணவர் பதுளையில் அரசாங்கக் கிளாக்கராக இருந்த ஆறு வருஷமும் எங்கள் வீடு வீடாக இல்லை, மடமாகவே இருந்தது. யாழ்ப்பாணத்தில் வெயில் ஏறியதும் அவருடைய சொந்தக்காரருக்கு எங்கள்மேல் திடீரென்று பாசம் பொங்கும். பனங்கட்டிக் குட்டானும் ஒடியல் மாவுமாக ரயிலில் வந்து இறங்குவார்கள். இறங்கிய மறுநாளே துன்ஹிந்த நீர்வீழ்ச்சி பார்க்க வேண்டும்.

பார்க்கட்டும். யார் வேண்டாம் என்றார்கள்? விடியமுன் எழும்பிப் புட்டு அவித்து, முட்டை பொரித்து, சம்பல் இடித்து, வாழையிலையில் கட்டிக் கூடையில் அடுக்குவது நான். பஸ்ஸை விட்டு இறங்கியதும், பாதை தொடங்கும் இடத்துத் தேத்தண்ணிக் கடையின் மர வாங்கில் அந்தக் கூடையோடு குந்தியிருப்பதும் நான். அங்கே குரங்குகளின் அட்டகாசம். சறுக்குகிற பாதையில் சாப்பாட்டையும் பைகளையும் தூக்கிக்கொண்டு ஒரு மைல் நடக்க முடியாது. யாராவது காவல் இருக்க வேண்டும். அந்த யாராவது யார் என்று ஒருநாளும் பேச்சு வந்ததில்லை. முதல் தடவை, நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

“நீர் இஞ்சை இருக்கிற ஆள்தானே, எப்பவெண்டாலும் பாக்கலாம்” என்றார் அவர்.

பஸ் இருந்தது, பாதை இருந்தது, எனக்குக் காலும் இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. தனியாகப் போய்வருவது அந்தக் காலத்தில் எங்களுக்கு நடக்கிற காரியமா?

எட்டுத் தரம் போய்வந்தோம். அதாவது, அவர்கள் போனார்கள். நான் வாங்கு தேய இருந்தேன். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், ஊருக்கு எழுதிய கடிதங்களில் துன்ஹிந்தவை நான் வர்ணித்துத் தள்ளியதுதான். திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் வெள்ளைச் சேலை விரித்த மாதிரி என்பார்கள். அதையே நானும் எழுதினேன். அம்மா அயலுக்கெல்லாம் வாசித்துக் காட்டினாராம்.

பிறகு வவுனியாவுக்கு மாற்றல் வந்தது. சாமான் கட்டுகிற அமளிக்குள் ஓடி வந்தாள் என் மச்சாள், அவருடைய தங்கை. இனிப் பதுளையில் தங்க வீடில்லை அல்லவா? மறுபடியும் புட்டு, மறுபடியும் கூடை. இனி எனக்கும் வாய்ப்பில்லை என்ற நினைப்பு வழி முழுக்கக் குத்திக்கொண்டே வந்தது. அன்றும் என்னை வாங்கில் இருத்திவிட்டு அண்ணனும் தங்கையும் நடந்தார்கள்.

கடைக்காரப் பெண் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கடை போட்டவள். தேத்தண்ணியை என் முன்னால் வைத்தாள்.

“எல்லாரையும் கூட்டிக்கிட்டு வர்றீங்க. நீங்க மட்டும் ஒரு நாளும் போகலையேம்மா?”

குத்தலாகக் கேட்கவில்லை. அவள் உள்ளே போனதும் எழுந்தேன். கூடையை வாங்கிலேயே விட்டுவிட்டு நடந்தேன்.

வழியில் ஒரு செருப்பு அறுந்தது. அட்டை கடித்தது. கடைசி வளைவில் திரும்பினால், அது சேலை மாதிரியே இல்லை. புகையாக எழும்பி, காதை அடைக்க இரைந்து, எட்ட நின்ற என் முகத்தை நனைத்தது. இத்தனை வருஷமும் பொய் எழுதினேனே என்று ஆத்திரம் வந்தது. பார்த்துவிட்டேன் என்று சிரிப்பும் வந்தது.

என்னைக் கண்டதும் மச்சாள் கேட்ட முதல் கேள்வி, சாப்பாட்டுக்கு யார் காவல் என்பதுதான்.

திரும்பி வந்தபோது வாங்கின் கீழே கிழிந்த வாழையிலைகள் கிடந்தன. கடைக்காரப் பெண் தடியோடு ஓடிவந்தும் பயனில்லையாம். மச்சாள் பசியில் என்னைத் திட்டித் தீர்த்தாள். அவர் திட்டவில்லை. நனைந்திருந்த என் சேலைத் தலைப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

“ஏன், நீர் இதுக்கு முன்னம் பாக்கேல்லையே?”

ஒன்பது தரம் அந்த வாங்கில் என்னை இருத்தியவர். அவர் நடிக்கவில்லை என்பதுதான் என்னை எரித்தது. வெறுங்கூடையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் ஏறி, யன்னல் பக்கமாக உட்கார்ந்தேன்.