மஞ்சள் டாங்கிக்குத் துரு ஏற்றிய கோடை

எண்பதுகளின் கடைசியில் ஒரு வருடம், சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த என் அண்ணன் எனக்கு ஒரு ஜார்ஜெட் புடவையும் என் கணவருக்கு ஒரு ராணுவ டாங்கியும் கொண்டுவந்தார். டாங்கி அட்டைப் பெட்டிக்குள் இருநூறு சொச்சம் பிளாஸ்டிக் துண்டுகளாக இருந்தது. ஒட்டிச் சேர்த்து வண்ணம் அடித்தால் உள்ளங்கையில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு டாங்கி கிடைக்கும். கல்யாணமான புதிதில் என் கணவர், சின்ன வயதில் பொம்மை விமானம் செய்ய ஆசைப்பட்டதாக அண்ணனிடம் ஏதோ பேச்சுக்குச் சொல்லியிருக்கிறார். அண்ணன் அதைப் பத்து வருடம் ஞாபகம் வைத்திருந்தார். சொன்னவருக்கு ஞாபகம் இல்லை.

அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார், ஒரு துண்டைக் கையில் எடுத்தார், மறுபடி வைத்து மூடினார். "ரிடையர் ஆனதும் நிதானமா பண்ணலாம்" என்று பீரோவின் மேல் ஏற்றிவிட்டார். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது.

நான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. சேலையூரில் வீடு. அந்தக் கோடையில் விடைத்தாள் எல்லாம் திருத்தி முடித்திருந்தேன். இரண்டு பெண்களும் என் மாமியாரோடு திருச்சிக்குப் போயிருந்தார்கள். பீரோவைத் துடைக்க ஏறியவள் பெட்டியோடு இறங்கினேன். செய்முறைத்தாள் முழுக்க ஜப்பான் எழுத்து. ஆனால் படங்களைப் பார்த்தாலே எல்லாம் புரிந்தது. பதினான்கு வருடமாக மொழியின் அவசியத்தைப் போதித்துவந்த எனக்கு அது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. பத்து நாளில் டாங்கி உருவாகிவிட்டது. அடுத்தது வண்ணம்.

பெட்டியின் மேல் போட்டிருந்த படத்தில் டாங்கி பாலைவனத்தில் நின்றது. மஞ்சள்தான், ஆனால் களைத்துப்போன மஞ்சள். ஓரங்களில் பெயிண்ட் உதிர்ந்து இரும்பு தெரிந்தது. ஆணிகளிலிருந்து துரு கோடு கோடாக வழிந்திருந்தது. சக்கரத்தைச் சுற்றிப் புழுதி. அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

மார்க்கெட் பக்கத்துப் பெயிண்ட் கடையில் போய்ச் சின்ன டப்பாவில் மஞ்சள், வெள்ளை, பழுப்பு, கறுப்பு எனாமல் கேட்டேன். கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். டேங்குக்கு என்றேன். அவர் அக்கறையோடு ஒரு டப்பா ரெட் ஆக்சைடையும் எடுத்து வைத்து, முதலில் இதை அடித்தால்தான் துருப் பிடிக்காது என்றார். "உள்பக்கம் மட்டும் அடிச்சிடாதீங்க மேடம், தண்ணி நாறும்." எந்த டேங்க் என்று விளக்கும் தைரியம் எனக்கு இல்லை. வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் மூடியைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த ரெட் ஆக்சைடின் நிறம் அசல் துரு. அடுத்த பல வருடங்களுக்கு நான் ஏற்றிய துரு அத்தனையும் துருவைத் தடுக்கும் அந்த மருந்திலிருந்து வந்ததுதான்.

மஞ்சளோடு வெள்ளையும் துளி பழுப்பும் கலந்து அடித்துக் காயவைத்தேன். ஆயுத பூஜைக்குக் கழுவிப் பொட்டு வைக்கக் காத்திருக்கும் வண்டி மாதிரி பளபளவென்று நின்றது. அதன் மேல் ரெட் ஆக்சைடைத் தீற்றினேன். அம்மை போட்ட மாதிரி ஆனது. டர்பன்டைனில் துடைத்து மறுபடி மஞ்சள் அடித்தேன். மறுபடியும் அம்மை. துரு என்பதை நான் வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சரியாகப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டு கேட்டில் துரு இருந்தது. ஆனால் கேட்டுக்குப் பச்சை பெயிண்ட்.

ஒரு நாள் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது பெருங்களத்தூரில் அதைப் பார்த்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு ரோடு ரோலர் மாதக்கணக்கில் அசையாமல் நின்றிருந்தது. மஞ்சள். நான் தேடிய அதே களைத்த மஞ்சள். இறங்கிவிட்டேன். கைப்பையில் பிரசாதமும் ஒரு நோட்டும் இருந்தன. நோட்டை எடுத்து, துரு எங்கே தொடங்குகிறது, எங்கே வழிகிறது என்று சுற்றிச் சுற்றி வந்து வரைந்துகொண்டிருந்தேன். வண்டியின் நிழலில் படுத்திருந்த டிரைவர் எழுந்து வந்தார்.

"இன்னாம்மா எழுதிகினு கீறீங்க? நான் இன்னா பண்றது? பார்ட்டு வரல. வந்தா எட்துகினு பூடுவேன்."

நோட்டும் கண்ணாடியுமாக நின்றதால் என்னை ஏதோ ஆபீஸிலிருந்து விசாரிக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார். எந்தப் பாகம் வரவில்லை, யாரிடம் எத்தனை தடவை சொன்னார் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். நான் வாத்தியாரம்மா என்றும் துருவைப் பார்க்கத்தான் வந்தேன் என்றும் சொன்னேன். அவர் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. நம்பிய பிறகு என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, நான் வரைந்தது தப்பு என்றார்.

"மேல பாக்காதீங்கம்மா, கீழ குந்திப் பாருங்க. தண்ணி எங்க நிக்குதோ அங்கதான் மொதல்ல புடிக்கும். அப்பால இந்தப் பக்கம் பாருங்க, நான் ஏறி எறங்கற எடம். என் கால்தான் பெயிண்ட தேச்சுது."

கோவிலுக்குக் கட்டிய பட்டுப் புடவையோடு ரோட்டோரம் குந்தினேன். தெரிந்தவர்கள் யாரும் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் பலிக்கவில்லை என்பது பள்ளி திறந்ததும் தெரிந்தது.

அதற்குப் பிறகு வேலை தன்னால் நடந்தது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துணுக்கைக் கிள்ளி, கரும்பழுப்பில் தொட்டு, முக்கால்வாசி உலரவிட்டு, கால் படும் இடத்தில் மட்டும் ஒற்றினேன். பெயிண்ட் உதிர்ந்த மாதிரியே இருந்தது. கறுப்பை டர்பன்டைனில் தண்ணீராகக் கரைத்து விட்டால் அது இடுக்குகளில் போய்த் தேங்கி வருடக்கணக்கான அழுக்காக மாறியது. கடைசியாகப் புழுதி. பள்ளியிலிருந்து வந்த கலர் சாக்பீஸ் துண்டுகளை அரைத்து, மை தீட்டும் பிரஷ்ஷால் சக்கரங்களில் தூவினேன். காலையில் பாத்திரத்தில் இருக்கும் கறையைப் போக்க அரை மணி நேரம் தேய்ப்பேன். மத்தியானம் அதே ஸ்பாஞ்சால் மூன்று மணி நேரம் கறை ஏற்றுவேன். இதில் எனக்கு எந்த முரண்பாடும் தோன்றவில்லை. என் கணவருக்குத் தோன்றியது. "நல்லாத்தானே இருந்துது, ஏன் அழுக்காக்கிட்டே?" என்று கேட்டார். ஆனால் அதைக் கொண்டுபோய் டிவி மேல் வைத்ததும் அவர்தான்.

பள்ளி திறந்த கொஞ்ச நாளில் அவருடைய மேலதிகாரி தன் மகளின் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார். நான் சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தேன். டிவி மேல் இருந்ததைப் பார்த்துவிட்டு அவர் வியந்து கேட்பது காதில் விழுந்தது. என் கணவர் சொன்ன பதிலும் விழுந்தது.

"சும்மா, லீவு நாள்ல பண்ணினது சார்."

யார் பண்ணினது என்பதை அந்த வாக்கியம் சொல்லவில்லை. தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் அமையும். தோன்றா எழுவாய் என்று எட்டாம் வகுப்புக்கு வருடா வருடம் நான் நடத்தும் பாடம். அவர் பொய் சொன்னார் என்று இலக்கணப்படி என்னால் நிரூபிக்க முடியாது. நான் காபியோடு போனபோது அதிகாரி, இப்படிப்பட்ட கலைஞரோடு குடித்தனம் செய்வது சிரமம்தான், வீடெல்லாம் பெயிண்ட் நாற்றமாக இருக்குமே என்று என்னிடம் பரிவோடு கேட்டார். ஆமாம் சார், சிரமம்தான் என்றேன்.

அவர் போன பிறகு என் கணவர் நெடுநேரம் பேப்பர் படித்தார். அதே பக்கத்தை. பிறகு தானாகவே ஆரம்பித்தார். பொம்பளை டாங்கி செய்கிறாள் என்றால் ஆபீஸில் என்ன நினைப்பார்கள் என்று ஒரு கணம் தோன்றிவிட்டதாம். அதை மறுநாளே சரிசெய்துவிடுவதாகச் சொன்னார். மறுநாள் சரிசெய்யப் போனவர் கையில் இன்னொரு பெட்டியோடு வந்தார். அதிகாரியின் மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய டாங்கி. ஆபீஸ் மனமகிழ் மன்றத்தில் கைவினைக் கண்காட்சி நடக்கப்போகிறது, அதற்குள் இதையும் முடித்து இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டும் என்று அதிகாரி கேட்டுக்கொண்டாராம்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தானா என்று சந்தேகமாக இருக்கிறது, ஏனென்றால் அவர் பேசி முடிப்பதற்குள் நான் பெட்டியைத் திறந்திருந்தேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். வேலை முடியும்வரை பாத்திரம் அவர் தேய்க்க வேண்டும். ஒன்றரை மாதம் தேய்த்தார். அவர் கையில் சபீனா பவுடர் வாசனை, என் கையில் டர்பன்டைன். ஊரிலிருந்து திரும்பியிருந்த என் மாமியார், பிள்ளையிடம் ஒன்றும் கேட்காமல், என்னை மட்டும் அவ்வப்போது நிமிர்ந்து பார்த்தார்.

கண்காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை. எம்ப்ராய்டரி, தீக்குச்சிக் கோபுரம், தேங்காய் ஓட்டுக் குரங்கு எல்லாவற்றுக்கும் நடுவில் எங்கள் மேஜை. அட்டையில் என் கணவர் பெயர், பதவியோடு. நான் பக்கத்தில் மனைவியாக நின்றேன். வந்தவர்களுக்கு அவர் நான் சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்தார். தண்ணீர் நிற்கும் இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும் என்று அவர் கை நீட்டி விளக்கியபோது எனக்கே கேட்க நன்றாக இருந்தது.

சாயங்காலம் ஒருவர் வந்தார். ராணுவத்தில் டாங்கி பழுதுபார்க்கும் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது அந்த ஆபீஸிலேயே செக்யூரிட்டியாக வேலை செய்பவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, இரண்டு டாங்கிகளையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு என் கணவரிடம், பெயிண்ட் ஏன் இந்தப் பக்கம் மட்டும் அதிகமாகப் போயிருக்கிறது என்று கேட்டார்.

அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. என் கணவர் டாங்கியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கடைசியில் நான்தான் சொன்னேன்.

"அது ஏறி இறங்கற பக்கம். கால் பட்டுத் தேஞ்சது."

வந்தவர் என் பக்கம் திரும்பினார். என் கையைப் பார்த்தார். எத்தனை தேய்த்தும் போகாமல் நகக்கண்ணில் மஞ்சள் இருந்தது. மஞ்சள் பூசிக் குளிக்கும் ஊரில் அதை யாரும் கவனித்ததில்லை. "நீங்கதானேம்மா செஞ்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் சொன்னார், பக்கத்து மேஜைக்குக் கேட்கும்படியாகவே. "ஆமாங்க. ரெண்டும் இவங்க செஞ்சதுதான். நான் பாத்திரம்தான் தேச்சேன்."

இந்தத் தடவை எழுவாய் இருந்தது. பக்கத்து மேஜையருகே நின்ற அதிகாரியும் கேட்டார். வந்து என் கணவரின் தோளைத் தட்டினார். இத்தனை திறமைக்கு இத்தனை அடக்கம், எல்லாப் பெருமையையும் மனைவிக்கே கொடுத்துவிடுகிறார் பாருங்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். என் கணவர் மறுபடி மறுத்தார். மறுக்க மறுக்க அவருடைய அடக்கம் வளர்ந்துகொண்டே போனது. முதல் பரிசு அவருக்கே. ஒரு இஸ்திரிப் பெட்டி. மேடையில் அவர் மைக்கைப் பிடித்து உண்மையைச் சொன்னபோது கைதட்டல் அடங்க நேரமானது.

ரயிலில் தாம்பரம்வரை அவர் இஸ்திரிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. நடைமேடையில் இறங்கியதும் அவரும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் சொன்னார். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் கடைசிவரை நம்பவில்லை. தொண்ணூறுகளில் நான் பதினொரு வண்டிகள் செய்தேன். பாத்திரத்தை அவர் விடவில்லை.

அந்த செக்யூரிட்டி ஒரு வாரம் கழித்து எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். தனக்கு ஒரு டாங்கி வேண்டும் என்றும், ஆனால் துளி துரு இருக்கக் கூடாது என்றும் கேட்டார். அவர்கள் பிரிவில் வண்டி என் டாங்கி மாதிரி இருந்தால் அத்தனை பேருக்கும் தண்டனையாம். ராணுவத்தில் இருந்த பதினெட்டு வருடமும் அதிகாரிகள் பார்வையிட வரும் முன்னால் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பதுதான் அவர் பிழைப்பு. அப்படிப் பார்வையிடும் நாள் காலையில் இருக்குமே, அந்த மாதிரி ஒன்று வேண்டும்.

அதற்கான பெட்டி அண்ணன் மூலம் வந்துசேர எட்டு மாதம் ஆனது. நான் செய்ததிலேயே கஷ்டமான வண்டி அதுதான். சுத்தமான மஞ்சளைப் பார்த்தால் கை தானாக ஸ்பாஞ்சைத் தேடியது. ஒருவழியாக முடித்து, அவரை வரச்சொல்லி, ஒரு கறை இல்லாமல் மேஜையில் வைத்தேன். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் கிளம்பவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது.

"இடதுபக்கம், பின்சக்கரத்துக்கு மேல ஒரு இடுக்கு இருக்கு பாருங்கம்மா. அங்க மட்டும் எங்க துணி எட்டாது. ஒருநாளும் எட்டுனதில்ல. எந்த ஆபீசரும் குனிஞ்சு பார்த்ததுமில்ல."

நான் உள்ளே போய் சாக்பீஸ் பொடியை எடுத்துவந்தேன். அவர் டாங்கியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.