பூட்டிய வீடுகளும் காலை 6.40 சாலவாக்கம் பேருந்தும்

போக்குவரத்துப் பொறியியல் முதுகலை இரண்டாமாண்டு படிக்கிறேன். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர், எதில், எங்கே போகிறார்கள் என்று கணினியில் ஒரு மாடல் செய்து, பேருந்துத் தடங்களை மாற்றிப் பார்ப்பதுதான் என் ஆய்வு. உத்திரமேரூர் வட்டாரத்துக்கு நான் செய்த மாடல், சாலவாக்கம் போகும் காலை 6.40 பேருந்து தேவையில்லை என்றது. ஆய்வேட்டை ஒப்படைக்க ஒரு வாரமே இருந்தது. அப்படியே எழுதியிருக்கலாம். ஆனால் அந்தப் பேருந்தில் நான் ஒருமுறைகூட ஏறியதில்லை. அது உறுத்தவே, ஜனவரியில் ஒரு புதன்கிழமை அதில் போய்ப் பார்க்க முடிவு செய்தேன்.

முந்தின நாள் மாலையே காஞ்சிபுரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உத்திரமேரூர் வந்து தோழி வீட்டில் தங்கிக்கொண்டேன். காலை 6.25க்குப் பேருந்து நிலையம், பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ. நகரப் பேருந்து என்பதால் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஏறியவர்கள் ஏழே பேர்; தாளில் குறித்துக்கொண்டேன். மாடல் சொன்னது சரிதான் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஏழு கிலோமீட்டர் தாண்டி, நிறுத்தமே இல்லாத ஒரு வளைவில் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினார். தூக்குவாளிகளோடு பத்தொன்பது பெண்கள் ஏறினார்கள். நடவுக்குப் போகிறவர்கள். பக்கத்தில் உட்கார்ந்த செல்வி அக்கா என் தாளை எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா எழுதிக்கினு கீற?”

சொன்னேன். அவர்கள் குடியிருப்பின் பெயரைக் கேட்டதும் என் தவறு புரிந்தது. போன வருடம் அங்கே வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போனவள் நானேதான். பதினாலு வீட்டையும் ‘பூட்டிய வீடு’ என்று குறித்துவிட்டுத் திரும்பியிருந்தேன். அந்த வெற்றிடத்தைத்தான் மாடல் ‘பயணமே இல்லை’ என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. பூட்டிய வீடுகளைப் பற்றி அக்காவிடம் சொன்னேன்.

“எத்தினி மணிக்கு வந்த?”

“பதினோரு மணி இருக்கும்க்கா.”

“அந்நேரத்துக்கு வூட்ல யாரு கீறா? நாங்க சேத்துல இல்ல நின்னுக்கினு இருப்போம்!”

வண்டியே சிரித்தது. இந்தப் பேருந்து வேண்டாம் என்று எழுத இருந்ததையும் மறைக்காமல் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

“இத்த நிறுத்திட்டா நாலு கிலோமீட்டரு நடக்கணும். லேட்டா போனா நிலத்துக்காரரு வேற ஆள வச்சிப்பாரு,” என்றார் செல்வி அக்கா. என் தாளைத் தட்டிக் காட்டினார். “எறங்கு எங்களோட. இன்னா கேக்கணுமோ எங்களையே கேளு.”

இறங்கினேன். அவர்கள் நாற்று நட்டபடி பின்னால் நகர, நானும் வரப்பில் கூடவே நகர்ந்து கேட்டேன். ‘வாரத்தில் எத்தனை பொழுதுபோக்குப் பயணம்?’ என்ற கேள்விக்கு ஒருவர் நிமிர்ந்து, “மக வூட்டுக்குப் போறது அதுல சேருமா?” என்றார். சேரும் என்றேன். பத்து மணிக்கு எனக்கும் ஒரு குவளை கூழ் கிடைத்தது. மதியத்துக்குள் பதினாலு வீட்டின் விவரமும் கையில். திரும்பும் பேருந்தில், கால் முழுக்கக் காய்ந்த சேற்றோடு நன்றாகத் தூங்கினேன்.

மாடலை மறுபடி ஓட்டியதில் பேருந்து தேவை என்று வந்தது. அந்த வளைவில் ஒரு நிறுத்தமும் தேவை என்று சேர்த்து எழுதினேன். வழிகாட்டிப் பேராசிரியரிடம் என் தவறைச் சொல்லி, பத்து நாள் அவகாசம் கேட்டேன். கொடுத்தார். ஓர் அத்தியாயத்தை முழுக்க மாற்ற வேண்டியிருந்தும் அலுப்பே தட்டவில்லை.

கள ஆய்வுக்கு இந்தப் பக்கம் வருகிறவர்கள் காலை ஆறரைக்கு முன்னால் போங்கள், இல்லையென்றால் மாலை ஐந்துக்கு மேல். ஈரத்தில் பேனா மக்கர் செய்யும், பென்சில் நல்லது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள், அது அவர்களுக்குப் பாதகமாக இருந்தாலும். நான் சொல்லாமல் இருந்திருந்தால் செல்வி அக்கா என்னைக் கூட்டிப் போயிருக்கமாட்டார்.